யோக்கெரெஸ் ஆர்சனலுக்கு வந்தாச்சு: 97 கோல் இங்கேயும் வருமா?

#1 நார்த்பேங்க்89 | 26 ஜூலை 2025
அதிகாரப்பூர்வமா சொல்லிட்டாங்க. ஸ்ட்ரைக்கர் விக்டர் யோக்கெரெஸ், ஸ்வீடன், வயசு 27, போர்ச்சுகலோட ஸ்போர்ட்டிங் லிஸ்பனிலிருந்து நம்ம லண்டன் கால்பந்து கிளப் ஆர்சனலுக்கு. 6.35 கோடி யூரோ உறுதித் தொகை, அதுக்கு மேல நிபந்தனைத் தொகை 1 கோடி வரை. ஐந்து வருட ஒப்பந்தம். ஜெர்சி எண் 14. ஆமா, நம்ம பழைய கோல் மன்னன் தியரி ஆன்றியோட 14 தான்.

ஸ்போர்ட்டிங்கில் ரெண்டு சீசன், 102 ஆட்டம், 97 கோல். போன சீசன் லீகில் மட்டும் 39. அதே சீசனில் நம்ம ஆட்களில் லீகில் அதிகம் அடிச்சது ஹாவெர்ட்ஸ், 9 கோல். இதுக்கு மேல என்ன சொல்ல.

#2 ஆஃப்சைடு அண்ணாச்சி
சொல்ல நெறைய இருக்குவே. 9 கோல் அடிச்சவன் பிப்ரவரியிலேயே தொடைத்தசை கிழிஞ்சு படுத்துட்டான். ஜெசூஸ் ஜனவரியிலேயே முட்டி போய் வெளியே. கடைசி மூணு மாசம் மெரினோவை முன்னால நிறுத்தி ஓட்டினோம். மிட்ஃபீல்டரை ஸ்ட்ரைக்கரா வெச்சு ரெண்டாம் இடம் வந்தது பெரிய காரியம். ஆனா 14 டிரா! 2023-24-ல 91 கோல் அடிச்ச அணி போன சீசன் 69. பட்டம் ஜெயிச்ச லிவர்பூல் 86. வித்தியாசம் அங்கதான் இருக்கு.

#3 வெள்ளை லேன் சேவல்
பக்கத்து வீட்டு டாட்டன்ஹாம்காரன் வாழ்த்துகள். போர்ச்சுகல் கோல்களை எண்ணும்போது மூணால வகுத்துக்கணும்னு யாராவது ஞாபகப்படுத்துங்க. ஜார்டெல் 2001-02-ல இதே ஸ்போர்ட்டிங்குக்கு லீகில் 42 அடிச்சான். பிறகு போல்டன் வந்து பிரீமியர் லீக்கில் பூஜ்யம். டார்வின் நூன்யெஸ் பென்ஃபிகாவில் 26 அடிச்சுட்டு லிவர்பூல் வந்தான், முதல் லீக் சீசனில் 9. இதெல்லாம் பார்த்த கதை.

#4 லிஸ்பன் சிங்கம்
ஜார்டெல் போல்டன் வரும்போது உடம்பும் வாழ்க்கையும் கெட்டுப்போன ஆள். அவரை இதில் இழுக்காதீங்க. நூன்யெஸ் ஒப்பீடு ஓரளவு நியாயம், ஆனா நூன்யெஸின் சிக்கல் முடிக்கும் கட்டத்தில். யோக்கெரெஸிடம் அது சிக்கலே இல்லை: கால் வீச்சு சின்னது, பந்தைத் தரையோடு அடிப்பார், கீப்பர் கால் ஊன்றுவதற்குள் அடித்துவிடுவார்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அந்த 39-இல் கால்வாசிக்கு மேல் பெனால்டி. ஆர்சனலில் பெனால்டி அடிப்பது வலப்பக்க வீரர் சாக்கா. அந்தக் கோல்களை முதலிலேயே கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

#5 புதுப்பந்து
பேரை எப்படிங்க சொல்றது? ஒவ்வொரு கமென்டேட்டரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. 'கியோகெரெஸ்'னு கூட கேட்டேன்.

#6 நார்த்பேங்க்89
ஸ்வீடிஷில் முதல் எழுத்து 'ய' மாதிரி ஒலிக்கும், அதனால யோக்கெரெஸ். குடும்பப் பேர் ஹங்கேரியோடது, தாத்தா வழி. அந்த மொழியில் 'வேர் கொண்ட'ன்னு அர்த்தம். பின்கள வீரர் தோள் மேல சாய்ந்தாலும் அசையாம நிக்கறதைப் பார்த்தா பேர் பொருத்தம்தான்.

#7 கொடிக்கம்பம்
கொண்டாட்டம் முடிஞ்சதும் படிங்க, கொஞ்சம் நீளம்.

இவர் கோல் அடிக்கும் விதத்தில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. நடுவில் நிற்பார். பந்து நம்ம பின்வரிசையில் இருக்கும்போதே எதிரணியின் ரைட்பேக்குக்கும் (வலது ஓரத் தடுப்பாளர்) வலப்பக்க சென்டர்பேக்குக்கும் (நடுத் தடுப்பாளர்) நடுவிலுள்ள சந்துக்குள் இடப்பக்கமாக ஓடுவார். பந்து அவர் காலுக்கு வராது, ஓடும் பாதையில் முன்னால் விழும். சென்டர்பேக் துரத்தி வருவார். அந்த இடத்தில் யோக்கெரெஸ் உடம்பைக் குறுக்கே போட்டு அவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். அப்புறம் உள்ளே வெட்டி வலது காலில் ஷாட். வெளிப்பக்கம் போனால் இடது காலில் குறுக்குப் பாஸ். துரத்துபவருக்கு இரண்டில் எதுவென்று கடைசி வரை தெரியாது.

இதற்கு வேண்டிய மூலப்பொருள்: பின்வரிசைக்குப் பின்னால் குறைந்தது 25, 30 மீட்டர் காலி இடம். ஆர்சனல் ஆட்டத்தில் அது எங்கே இருக்கிறது? நம்ம மைதானம் எமிரேட்ஸுக்கு வரும் அணிகளில் பாதிக்கு மேல் தங்கள் பெனால்டி பாக்ஸ் விளிம்பில் பத்துப் பேரையும் உட்கார வைக்கின்றன. பின்னால் 16 மீட்டர், அதிலும் கீப்பர் நிற்கிறார். சந்தும் இல்லை, ஓட இடமும் இல்லை. பந்து காலுக்கு வரும், முதுகில் சென்டர்பேக் ஒட்டியிருப்பார். இவருடைய ஆட்டத்தில் பலவீனமான பகுதியே அதுதான்: கோலுக்கு முதுகைக் காட்டி, நெருக்கத்தில், முதல் தொடுதலில் பந்தை அடக்குவது. அவ்வளவு உயரத்துக்குத் தலையால் அடித்த கோல்களும் குறைவு.

ஆதாரம் நம்மிடமே இருக்கிறது. 2024 நவம்பர் 26, லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். ஆர்சனல் 5-1. நம்ம சென்டர்பேக்குகள் சலீபாவும் கேப்ரியலும் அவரைத் திரும்பவே விடவில்லை. கேப்ரியல் கோல் அடித்துவிட்டு இவருடைய முகமூடிக் கொண்டாட்டத்தையே செய்து காட்டினார். இப்போது ஒரே டிரஸ்ஸிங் ரூம்.

#8 வெள்ளை லேன் சேவல்
முதல் தடவையா இந்த இழையில் ஒரு ஆர்சனல்காரர் உண்மை பேசறார்.

#9 லிஸ்பன் சிங்கம்
கொடிக்கம்பம் சொல்வதில் முக்கால் பங்கு சரி. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. ஸ்போர்ட்டிங்குக்கு மட்டும் போர்ச்சுகலில் காலி இடம் யார் கொடுத்தார்கள்? அங்கே ஸ்போர்ட்டிங், பென்ஃபிகா, போர்ட்டோ தவிர மற்ற அணிகள் பெரும்பாலும் பத்துப் பேரோடு கீழேதான் உட்காரும். பெரும்பாலான ஆட்டங்களில் பந்து ஸ்போர்ட்டிங்கிடம்தான்.

பயிற்சியாளர் அமோரிம் காலத்தில் ஸ்போர்ட்டிங் செய்தது இது. பின்னால் மூன்று சென்டர்பேக். நடுவில் இருப்பவர் பந்தின் மேல் காலை வைத்து அப்படியே நிற்பார். இரண்டு நொடி, மூன்று நொடி. எதிரணி ஸ்ட்ரைக்கருக்குப் பொறுமை போய் முன்னே வருவார். அவர் வந்தால் அவருக்குப் பின்னால் மிட்ஃபீல்டு வரும், மிட்ஃபீல்டு வந்தால் பின்வரிசையும் பத்து மீட்டர் ஏறித்தான் ஆகவேண்டும், இல்லையென்றால் நடுவில் ஓட்டை. ஏறிய அந்த நொடியில் யோக்கெரெஸ் ஓடியிருப்பார். அதாவது காலி இடம் கிடைக்கவில்லை, உண்டாக்கினார்கள். 2024 நவம்பர் 5, மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான 4-1 நினைவிருக்கிறதா? ஹாட்ரிக், இரண்டு பெனால்டி. முதல் கோலைப் போய்ப் பாருங்கள். சிட்டி ஏறி நின்றது, ஒரே பாஸ், முடிந்தது.

அமோரிம் போன பிறகு ஜோவாவ் பெரெய்ரா, அப்புறம் ருயி போர்ஜெஸ். ஒரே சீசனில் மூன்று பயிற்சியாளர்கள். மூவருக்கும் கீழே கோல் அடித்தார், லீகும் கோப்பையும் ஜெயித்தார்கள்.

#10 கொடிக்கம்பம்
ஏற்கிறேன். அப்படியானால் கேள்வி அவரைப் பற்றியது இல்லை. கீப்பர் ராயாவும் சலீபாவும் பந்தைக் காலடியில் வைத்துக் காத்திருப்பார்களா என்பது கேள்வி. ஆர்சனல் மூன்று வருடமாகச் செய்வது நேர்மாறு: எதிரணியை அவர்கள் பாக்ஸுக்குள் நெட்டித் தள்ளி, அங்கேயே பூட்டி, பந்து போனால் உடனே பிடுங்குவது. அப்படித் தள்ளத் தள்ள யோக்கெரெஸுக்கு ஓடும் தரை சுருங்கும். இரண்டையும் ஒரே ஆட்டத்தில் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் எப்போது எது என்பதை மைதானத்தில் ஒருவர் முடிவு செய்ய வேண்டும். என் கணிப்பு கேப்டன் ஒடேகார்ட்.

இடப்பக்கத்தில் இன்னொரு நெரிசல். இவர் ஓடும் சந்து நம்ம இடப்பக்க வீரர் மார்டினெல்லி நிற்கும் கோட்டுக்குப் பக்கத்திலேயே. இருவரும் அங்கே போனால் ரைட்பேக், சென்டர்பேக் இருவருக்கும் வேலை மிச்சம், பாக்ஸுக்குள் நம்ம ஆளே இருக்க மாட்டார். தீர்வு: யோக்கெரெஸ் வெளியே ஓடும் அதே நொடியில் மார்டினெல்லி உள்ளே, மிட்ஃபீல்டர் ரைஸ் பாக்ஸ் விளிம்புக்கு, தூரத்துப் போஸ்ட்டில் சாக்கா. காலஃபியோரி லெஃப்ட்பேக்காக ஆடினால் அவரும் உள்ளே நுழைவார், அவருக்கு அது பழக்கம். இந்தச் சுழற்சியில் அரை நொடி தாமதித்தாலும் குறுக்குப் பாஸ் ஆளில்லாத இடத்தில் போகும். முதல் இரண்டு மாதம் அப்படித்தான் போகும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள், திட்டாதீர்கள்.

#11 ஆஃப்சைடு அண்ணாச்சி
திட்டாம இருக்க நாங்க என்ன சாமியாரா.

#12 கணக்குப்புள்ள
பணத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

6.35 கோடி யூரோ இந்த வருடச் செலவாக ஏட்டில் ஏறாது. ஒப்பந்த ஆண்டுகளால் வகுப்பார்கள். ஐந்து ஆண்டு, ஆண்டுக்கு 1.27 கோடி. அதோடு சம்பளம். நிபந்தனைத் தொகை நிறைவேறும்போதுதான் சேரும். முன்பு எட்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டு ஆண்டுச் செலவைச் சுருக்கிய கிளப் உண்டு. இப்போது ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஎஃபாவும் பிரீமியர் லீகும் ஐந்து ஆண்டுக்கு மேல் வகுக்க விடுவதில்லை.

சங்கடம் என்னவென்றால் ஒப்பந்தம் முடியும்போது இவருக்கு 32 வயது. திரும்ப விற்று எடுக்க ஒன்றும் இருக்காது. 22 வயது ஸ்ட்ரைக்கர் ஷெஷ்கோவை வாங்கியிருந்தால் சரியாக ஆடாவிட்டாலும் பாதிப் பணமாவது திரும்பும் என்று வாதிட்டவர்கள் சொன்னது இதைத்தான். கிளப் தேர்ந்தெடுத்தது 'இப்போதே கோல்'. இரண்டு ஆண்டுக்குள் கோப்பை வந்தால் சரியான விலை, வராவிட்டால் அதிக விலை. நடுவில் ஒன்றும் இல்லை.

#13 புதுப்பந்து
ஒரு மாசமா 'இன்னைக்கு வரார், நாளைக்கு வரார்'னு இழுத்தாங்களே, ஏன்?

#14 கணக்குப்புள்ள
மூன்று முடிச்சு. ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை (கொடுத்தால் கிளப் விட்டே ஆகவேண்டிய தொகை) 10 கோடி யூரோ. 'அவ்வளவு கேட்க மாட்டோம்' என்று முன்பு வாய்வார்த்தை தந்ததாக வீரர் தரப்பு. இந்தத் தொகைக்கு விடுவதாகச் சொல்லவே இல்லை என்று ஸ்போர்ட்டிங் தலைவர் வரான்டாஸ். காகிதத்தில் இல்லாத வாக்கு, அவ்வளவுதான். அடுத்து உறுதித் தொகை எவ்வளவு, நிபந்தனைத் தொகை எவ்வளவு, எது நடந்தால் அது தரப்படும் என்ற இழுபறி. '20 ஆட்டம் ஆடினால்' என்பது கிட்டத்தட்ட உறுதிப் பணம், 'சாம்பியன்ஸ் லீக் ஜெயித்தால்' என்பது லாட்டரி. விற்பவர் முதல் வகையைக் கேட்பார், வாங்குபவர் இரண்டாம் வகையைத் தருவார். இதற்கிடையில் வீரர் பயிற்சிக்கே போகவில்லை. கடைசியில் ஏஜென்ட் தன் கமிஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த பிறகுதான் கையெழுத்து என்று செய்தி.

கைகுலுக்கிய பிறகும் வேலை இருக்கிறது:
மருத்துவப் பரிசோதனை. 2024 மே மாதம் முழங்கால் மெனிஸ்கஸ் (குருத்தெலும்பு) அறுவை சிகிச்சை நடந்தது, ஆகவே அந்த முட்டிக்குத் தனி ஸ்கேன் நிச்சயம்.
இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் வேலை அனுமதி ஒப்புதல். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பியருக்கும் இது தேவை. 15 புள்ளி வேண்டும். நாட்டு அணி ஆட்டங்கள், கிளப் ஆட்ட நிமிடங்கள், லீகின் தரம் எல்லாம் சேரும். போர்ச்சுகல் லீக் இரண்டாம் தர வரிசை, இவருக்கு அது ஒரு பொருட்டில்லை.
ஃபிஃபாவின் கணினியில் இரு கிளப்பும் ஒரே விவரத்தைத் தனித்தனியாக ஏற்ற வேண்டும். ஒரு எண் பொருந்தாவிட்டாலும் நின்றுவிடும். கடைசி நாள் கடைசி மணியில் ஒப்பந்தங்கள் கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான்.
அப்புறம் சர்வதேச மாற்றுச் சான்றிதழ், லீகில் பதிவு.

#15 நார்த்பேங்க்89
லீகுக்குத் தர்ற 25 பேர் பட்டியலில் இவர் உள்ளூர் வளர்ப்புக் கணக்கில் வருவாரா? இங்கிலாந்து கிளப் பிரைட்டனில் சின்ன வயசிலேயே இருந்தாரே.

#16 கணக்குப்புள்ள
வரமாட்டார். 21 வயதுக்குள் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் மூன்று முழு சீசன் அல்லது 36 மாதம் பதிவாகியிருக்க வேண்டும். இவர் பிறந்தது 1998 ஜூன் 4, பிரைட்டன் வந்தது 2018 ஜனவரி. 21 ஆவதற்குள் ஒன்றரை வருடம்கூட முழுசாக இல்லை. ஆகவே வெளியார் 17 இடத்தில் ஒன்று போயிற்று.

யாரும் கவனிக்காத ஒன்று. இந்தத் தொகையில் 5 விழுக்காடு, அதாவது 31,75,000 யூரோ, ஸ்போர்ட்டிங்குக்குப் போகாது. 12 வயதிலிருந்து 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயதுவரை ஒவ்வொரு சீசனுக்கும் 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை 0.5. ஸ்டாக்ஹோம் பேட்டையில் அவர் சிறுவனாக ஆடிய ஆஸ்புடன்-டெலுஸ் கிளப்புக்கு ஒரு சீசன் பங்கே 1,58,750 யூரோ. பெரிய பையனான பிறகு பயிற்றுவித்த ப்ரொம்மாபொய்கர்னாவுக்கு 0.5 கணக்கில் சீசனுக்கு 3,17,500. பேட்டை கிளப்புக்கு அது பல வருடத்துப் பந்தும் வலையும்.

#17 ஆஃப்சைடு அண்ணாச்சி
கணக்குப்புள்ள, நீரு ஆளை ஒரு ஆட்டமாவது பார்த்திருக்கீரா, இல்ல ரசீது மட்டும்தானா?

#18 கணக்குப்புள்ள
அவர் கவென்ட்ரியில் ஆடிய காலத்திலிருந்து, அண்ணாச்சி. 2022-23 இங்கிலாந்து இரண்டாம் டிவிஷனில் லீகில் 21 கோல். மேல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான வெம்ப்ளி பிளே-ஆஃப் இறுதியில் லூட்டனிடம் பெனால்டியில் தோற்ற ஆட்டத்தில் கவென்ட்ரியின் ஒரே கோலைப் போட்டுக்கொடுத்தவர் இவர்தான், அடித்தவர் ஹேமர். இங்கிலாந்து சென்டர்பேக்குகளின் தோள் இடி இவருக்குப் புதிதில்லை. 'போர்ச்சுகல் வீரர்' என்று சேவல் எழுதும்போது எனக்கு இடிப்பது அங்கேதான்.

#19 வெள்ளை லேன் சேவல்
இரண்டாம் டிவிஷன் சென்டர்பேக்குக்கும் லிவர்பூல் சென்டர்பேக் வான் டைக்குக்கும் ஒரே தோளா? சரி, அக்டோபரில் பேசுவோம்.

#20 நார்த்பேங்க்89 | 9 ஆகஸ்ட்
நட்பு ஆட்டங்கள் முடிஞ்சது. ஹாங்காங்கில் சேவல் கூட்டத்திடம் 0-1, யோக்கெரெஸ் மாற்று ஆளா கொஞ்ச நேரம். வியாரியாலிடம் 2-3. இன்னைக்கு அத்லெடிக் பில்பாவோவை 3-0. முதல் கோல் யோக்கெரெஸ், மிட்ஃபீல்டர் சுபிமென்டி தூக்கிப் போட்டது, தலையால்.

#21 ஆஃப்சைடு அண்ணாச்சி
தலையாலயா? கொடிக்கம்பம் எங்கவே? வெளிய வாரும்.

#22 கொடிக்கம்பம்
இருக்கிறேன். 'குறைவு' என்றுதான் எழுதினேன், 'இல்லை' என்று எழுதவில்லை. அந்தக் கோலில் தலையை விட ஓட்டத்தைப் பாருங்கள். இரண்டு சென்டர்பேக்குக்கும் நடுவில் கிளம்பினார். சுபிமென்டி ஏறிட்டுப் பார்த்த கணத்திலேயே போட்டுவிட்டார், இன்னொரு தொடுதல் வைக்கவில்லை. நமக்கு வேண்டியது அந்த ஒரு தொடுதல் குறைவுதான். ஒடேகார்டும் சாக்காவும் பந்தை வாங்கி, நிறுத்தி, திரும்பி, மறுபடி நிறுத்தி ஆடுபவர்கள். அதற்குள் இவர் ஓட்டம் முடிந்து ஆஃப்சைடில் நிற்பார்.

#23 நார்த்பேங்க்89 | 17 ஆகஸ்ட்
மான்செஸ்டர் யுனைடெட்டோட ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் 1-0. ஜெயிச்சோம், கார்னரில் காலஃபியோரி. யோக்கெரெஸ் ஒரு மணி நேரத்தில் வெளியே, ஹாவெர்ட்ஸ் உள்ளே. ஒரு ஷாட்கூட இல்லை.

#24 வெள்ளை லேன் சேவல்
மூணால வகுக்கச் சொன்னேன். பூஜ்யத்தை எதால வகுத்தாலும் பூஜ்யம்.

#25 லிஸ்பன் சிங்கம்
ஆட்டத்தை மறுபடி போட்டு ஓட்டங்களை மட்டும் பாருங்கள். யுனைடெட் ஏறி ஆடியது, பின்னால் தரை கிடந்தது, இவர் இடச் சந்தில் திரும்பத் திரும்பக் கிளம்பினார். பாஸ் வரவில்லை, அல்லது இரண்டு தொடுதல் தாமதமாக வந்தது. வந்த சிலவற்றில் இவரும் பந்தைக் கோட்டைவிட்டார், அதை மறைக்கவில்லை. கோடைப் பயிற்சி முழுசாக இல்லாமல் வந்த உடம்பு, இழுப்பு தெரிகிறது.

#26 ஆஃப்சைடு அண்ணாச்சி
எனக்குத் தெரிஞ்சு சலீபாவும் கேப்ரியலும் பந்தை வெச்சு நிக்கவே இல்ல. யுனைடெட்காரன் நெருக்கி வந்த உடனே பக்கத்துல தள்ளிட்டாங்க. சிங்கம் சொன்ன அந்த மூணு நொடியை நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

#27 நார்த்பேங்க்89 | 24 ஆகஸ்ட், இரவு 12:10
லீட்ஸ் 5-0. டிம்பர் ரெண்டு, சாக்கா ஒண்ணு, யோக்கெரெஸ் ரெண்டு!

முதலாவது இடைவேளை முடிஞ்சு மூணாவது நிமிஷம். இடப்பக்கம், ஓட்டம், உள்ளே வெட்டு, வலது கால், பக்கத்துப் போஸ்ட். கொடிக்கம்பம் #7-ல எழுதினதை அப்படியே படம் புடிச்ச மாதிரி. ரெண்டாவது கூடுதல் நேரத்தில் பெனால்டி, வாங்கிக் கொடுத்தது நம்ம 15 வயசுப் பையன் டௌமன்.

#28 கொடிக்கம்பம்
இடைவேளைக்கு அப்புறம் லீட்ஸ் இரண்டு கோல் பின்தங்கி ஏறி வந்தது. அதனால் தரை கிடைத்தது. 0-0-இல் 70-ஆம் நிமிடம் என்றால் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

#29 லிஸ்பன் சிங்கம்
முன்னால் இருக்கும்போது மூன்றாவது, நான்காவது கோல் அடிக்க ஆள் இல்லாமல்தானே போன சீசன் முன்னிலையைக் கோட்டைவிட்டு டிரா ஆனது? அதுவும் ஒரு வேலைதான்.

#30 கணக்குப்புள்ள
பெனால்டியை அவர் அடித்ததற்குக் காரணம் சாக்கா காயத்தில் வெளியே போனது. ஒடேகார்டும் வெளியே. அந்த இருவரின் ஸ்கேன் முடிவு யாருக்காவது தெரிந்தால் இங்கே போடுங்கள். கோல் எண்ணிக்கையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

#31 வெள்ளை லேன் சேவல்
லீட்ஸ். இந்த சீசன்தான் மேலே வந்த அணி. இங்கே மூணால இல்ல, நாலால வகுக்கணும்.

#32 ஆஃப்சைடு அண்ணாச்சி
ரெண்டை நாலால வகுத்தா அரை. ஓல்டு டிராஃபோர்டு பூஜ்யத்தை விட அரை அதிகம்தானேவே. அடுத்தது லிவர்பூல் மைதானம் ஆன்ஃபீல்டு, ஆகஸ்ட் 31, ஞாயிறு. வான் டைக் தோளைப் பத்தி அன்னைக்கு ராத்திரி எழுதுதேன்.